விதைக்காத கோதுமைக்குப் பணம்: அமெரிக்க விவசாய மானியம், ஓர் எளிய விளக்கம்

டீக்கடைப் பேச்சில் அமெரிக்க விவசாயம் வந்துவிட்டால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "அங்கெல்லாம் விவசாயம் பண்ணாம சும்மா இருக்கறதுக்கே கவர்மென்ட் காசு குடுக்குது." சொன்னவரிடம் எந்தத் திட்டத்தில், யாருக்கு, எதைக் கணக்கிட்டு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அமெரிக்கர்களிலேயே பலருக்கு இது தெரியாது. ஒவ்வொரு கவுண்டியிலும் மானியம் வாங்கியவர்களின் பெயர், தொகை எல்லாம் பொதுவில் கிடைக்கிறது. என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 1995 முதலான கணக்கை ஊர்வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து, பக்கத்துப் பண்ணைக்காரருக்கு இவ்வளவா என்று வயிறு எரிபவர்கள் அங்கேயும் உண்டு. எதற்காக வந்த பணம் என்பது பட்டியலை மட்டும் பார்த்தால் புரியாது.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தில் ஒரு முக்கியப் பகுதி, ஒருவர் இந்த வருஷம் என்ன விளைவித்தார் என்பதைப் பார்த்து வருவதில்லை. அவருடைய நிலத்துக்குப் பழைய காலத்தில் என்ன கணக்கு எழுதப்பட்டது என்பதைப் பார்த்து வருகிறது.

கவுண்டி என்றால் என்ன, பணம் எங்கே கிடைக்கும்

கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டம் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் பெரும்பாலும் அளவில் சிறியது, கிராமப்புறத்தில் ஜனமும் குறைவு. நாடு முழுக்க 3,100க்கு மேல் இருக்கின்றன. அயோவா மாநிலத்தில் மட்டும் 99, கான்சாஸில் 105.

மானியத்தை மாநில அரசோ கவுண்டி அரசோ தருவதில்லை. மத்திய அரசின் வேளாண் துறைதான் தருகிறது. அந்தத் துறையின் கிளையான ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சிக்கு (சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ.) 2,100க்கு மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் உண்டு. விவசாயிக்கு 'கவர்மென்ட்' என்றால் அந்தக் கவுன்டர்தான்.

ஜூலை 15 நெருங்கினால் அங்கே கூட்டம் சேரும். பெரும்பாலான கோடைப் பயிர்களுக்குச் சாகுபடிக் கணக்கு கொடுக்க அதுவே கடைசி நாள். மேஜை மேல் விமானத்திலிருந்து எடுத்த நிலப்படம் விரிந்திருக்கும். ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். எந்த வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், என்றைக்கு விதைத்தது, விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். கிட்டத்தட்ட நம் அடங்கல்தான். நம் ஊரில் வி.ஏ.ஓ. எழுதுவதை அங்கே விவசாயியே வந்து சொல்லி எழுத வைக்கிறார். இந்தக் கணக்கைக் கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

இலவச மின்சாரமும் பேஸ் ஏக்கரும்

தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் உண்டு. ஆனால் அது ஆளுக்குக் கிடைப்பது இல்லை, இணைப்புக்குக் கிடைப்பது. அந்த சர்வீஸ் நம்பர் கிணற்றோடு ஒட்டிக்கொண்டது. நிலம் கைமாறினால் இணைப்பும் சேர்ந்து போகும். "ஃப்ரீ கரண்டு சர்வீஸ் இருக்கு" என்று சொல்லியே தரகர் விலையை ஏற்றுவார். தண்ணீர் நெல்லுக்குப் போகிறதா, தென்னைக்குப் போகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

பேஸ் ஏக்கர் என்பது இதே மாதிரியான ஒரு சங்கதி. ஒரு பண்ணையில் முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் போடப்பட்டது என்று அரசு ஏட்டில் பதிந்து வைத்த அளவுக்குத்தான் அந்தப் பெயர். 2002ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் 1998 முதல் 2001 வரையிலான சாகுபடியை வைத்து இதைப் புதுப்பித்துக்கொள்ள வாய்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம், மொத்த ஏக்கரைக் கூட்டாமல், 2009 முதல் 2012 வரை போட்டதற்கேற்பப் பயிர்களுக்குள் பிரித்து எழுதிக்கொள்ள விட்டது. 2025இல் வந்த சட்டம் 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்கவும் வழி செய்திருக்கிறது.

ஆக, கான்சாஸில் ஒரு பண்ணைக்கு 100 ஏக்கர் கோதுமை பேஸ் இருக்கிறது என்றால், பழைய கணக்கில் அப்படி எழுதியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இந்த வருஷம் அந்த 100 ஏக்கரிலும் சோயாபீன்ஸ் போடலாம். மக்காச்சோளம் போடலாம். கோதுமைக்கான பணம் வரத்தான் செய்யும்.

ஏன் இப்படி ஒரு கோணல் ஏற்பாடு? கோதுமை விதைத்தால்தான் பணம் என்று வைத்தால், ஏற்கெனவே கோதுமை குவிந்து விலை விழுந்து கிடக்கும் வருஷத்திலும் எல்லோரும் கோதுமையே விதைப்பார்கள், விலை இன்னும் விழும். அதைத் தவிர்க்க, பணத்தையும் நடப்புச் சாகுபடியையும் இணைக்கும் கயிற்றை 1996ஆம் ஆண்டுச் சட்டம் அறுத்தது. காரணம் நியாயமானதுதான். விளைவு விசித்திரமானது.

இதுவரை பார்த்தது: பணத்தை மத்திய அரசு கவுண்டி அலுவலகம் வழியாகத் தருகிறது. கணக்கு போடுவது பேஸ் ஏக்கரை வைத்து. பேஸ் ஏக்கர் நிலத்தோடு போவது.

விலை விழுந்தால்: முதல் வழி

நம் ஊரில் நெல்லுக்கு ஆதார விலை அறிவித்து, கொள்முதல் நிலையத்தில் அரசே மூட்டையை எடைபோட்டு வாங்குகிறது. அமெரிக்காவில் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் அரசு அப்படி மூட்டை தூக்குவதில்லை. விவசாயி சந்தையில் விற்றுக்கொள்வார். விலை குறைந்தால் வித்தியாசத்தை அரசு தரும்.

சட்டத்திலேயே ஒவ்வொரு பயிருக்கும் ஒரு விலை எழுதியிருக்கும். அதற்குப் பெயர் குறிப்பு விலை. நாடு முழுவதுமான சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால், இடைவெளியை நிரப்பும் திட்டம் பி.எல்.சி. எனப்படுகிறது. விலை இழப்புக் காப்பு என்று சொல்லலாம்.

ஒரு நிஜ வருஷத்தை எடுத்துக்கொள்வோம். 2019 அறுவடைக் கோதுமைக்குக் குறிப்பு விலை ஒரு புஷலுக்கு 5.50 டாலர். புஷல் என்பது தானியம் அளக்கும் அவர்கள் ஊர் மரக்கால், கோதுமையில் சுமார் 27 கிலோ வரும். அந்த வருஷத்துச் சராசரிச் சந்தை விலை 4.58 டாலர். இடைவெளி 92 சென்ட்.

நம் கற்பனைப் பண்ணைக்கு 100 ஏக்கர் கோதுமை பேஸ், ஏட்டில் பதிந்த மகசூல் ஏக்கருக்கு 40 புஷல் என்று வையுங்கள். பணம் 85 சதவீத பேஸ் ஏக்கருக்குத்தான் உண்டு, அதாவது 85 ஏக்கர். 92 சென்ட்டை 40ஆல் பெருக்கி, 85ஆல் பெருக்கினால் 3,128 டாலர்.

இந்தக் கணக்கில் விவசாயி இந்த வருஷம் அறுத்தது எத்தனை புஷல் என்பது எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? அவர் என்ன விலைக்கு விற்றார் என்பதும் வரவில்லை. நல்ல விலை பார்த்து முன்கூட்டியே விற்ற கெட்டிக்காரருக்கும் அதே 3,128 தான். பணமும் சுடச்சுட வராது. விற்பனை ஆண்டு முழுசாக முடிந்து சராசரி தெரிந்த பிறகே, 2019 அறுவடைக்கு 2020 அக்டோபரில் வந்தது. "கஷ்டப்பட்ட வருஷத்தில் கை கொடுத்தது" என்று மேடையில் பேசும்போது இந்த ஒரு வருஷத் தாமதத்தை யாரும் சொல்வதில்லை.

2025ஆம் ஆண்டுச் சட்டம் கோதுமையின் குறிப்பு விலையை 6.35 டாலராகவும், மக்காச்சோளத்துக்கு 3.70லிருந்து 4.10 ஆகவும், சோயாபீன்ஸுக்கு 8.40லிருந்து 10 டாலராகவும் உயர்த்திவிட்டது. குறிப்பு விலை எவ்வளவு உயர்கிறதோ, சந்தை விலை அதற்குக் கீழே இருக்கும் வருஷங்களும் அவ்வளவு கூடும்.

வருமானம் விழுந்தால்: இரண்டாம் வழி

பி.எல்.சி. வேண்டாம் என்றால் ஏ.ஆர்.சி. (விவசாய வருமானக் காப்பு) என்ற திட்டத்தின் கவுண்டி வகையைத் தேர்ந்தெடுக்கலாம். இது விலையோடு மகசூலையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் யாருடைய மகசூல்? கவுண்டியின் சராசரி மகசூல். கவுண்டி என்ற சொல்லுக்கு உயிர் வருவது இங்கேதான்.

கடந்த 5 வருஷங்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுக்கிறார்கள். கவுண்டியின் சராசரி மகசூல் 40 புஷல், சராசரி விலை 6.50 டாலர் என்று வைத்தால் ஏக்கருக்கு எதிர்பார்க்கும் வருமானம் 260 டாலர். முன்பு அதில் 86 சதவீதத்துக்கு உத்தரவாதம் இருந்தது, 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை 90 ஆக்கியது. 260இல் 90 சதவீதம் 234. இந்த வருஷம் கவுண்டி முழுக்க 36 புஷல்தான் விளைந்தது, விலை 6 டாலர் என்றால் வருமானம் 216. குறையும் 18 டாலரை 85 சதவீத பேஸ் ஏக்கருக்குத் தருவார்கள். இதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

இப்போது உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை கொட்டிக் கதிரெல்லாம் தரையில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டியின் மற்ற பக்கமெல்லாம் அமோகம். சராசரி விழாததால் ஏ.ஆர்.சி.யில் உங்களுக்கு ஒரு சென்ட் கிடையாது. மறுபக்கம், கவுண்டி முழுக்க வறட்சி, உங்களிடம் மட்டும் பாசன வசதி இருந்து நன்றாக விளைந்தது என்றால் பணம் வரலாம்.

எல்லைக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு உதாரணம் 2019இல் நடந்தது. சீனாவோடு வந்த வரிச் சண்டையில் சோயாபீன்ஸ் ஏற்றுமதி அடிவாங்க, டிரம்ப் அரசு 2018, 2019 இரண்டு வருஷமும் சேர்த்து சுமார் 2,300 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. இது பேஸ் ஏக்கரைப் பார்க்காத தனித் திட்டம். 2019ஆம் ஆண்டுக்கு ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தொகை அறிவித்தார்கள், ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் இன்னொன்று. மண் ஒன்று, பயிர் ஒன்று, தொகை மட்டும் வேறு.

இதுவரை: விலை விழுந்தால் பி.எல்.சி., கவுண்டி வருமானம் விழுந்தால் ஏ.ஆர்.சி. இரண்டுமே உங்கள் சொந்த வயலின் நஷ்டத்தை அளப்பதில்லை.

அப்போ 'சும்மா இருக்க'க் காசு?

உண்டு. ஆனால் மேலே சொன்ன எதிலும் இல்லை.

அந்தப் பேச்சின் வேர் 1933இல் இருக்கிறது. பெருமந்தக் காலம், விலை பாதாளத்தில். ரூஸ்வெல்ட் அரசு, உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, குறைப்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. சட்டம் வந்தபோது பருத்தி ஏற்கெனவே முளைத்துவிட்டது. சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக் குட்டிகளைக் கொன்றார்கள். சாலிலுள்ள செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் பயிர் மேல் ஏற மறுத்தன என்று தெற்கு மாநிலங்களில் கதை சொல்வார்கள். நாட்டில் எத்தனையோ பேர் பசியில் இருந்தபோது நடந்த இந்தக் கூத்து அமெரிக்கர்களின் நினைவில் தழும்பாக நின்றுவிட்டது. தெற்கில் பல நில உரிமையாளர்கள் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுதவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றினார்கள். 1936இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 1938இல் வேறு உருவில் திரும்பி வந்தது.

இன்று உழாத நிலத்துக்குப் பணம் தரும் முக்கியமான திட்டம் 1985இல் தொடங்கிய சி.ஆர்.பி. மண் அரிக்கும் சரிவுகள், ஓடைக் கரைகள் போன்ற இடங்களில் சாகுபடியை நிறுத்தி, புல்லும் மரமும் வளர்த்து, 10 முதல் 15 வருஷத்துக்கு அப்படியே விடுவதற்கு அரசு ஆண்டு வாடகை தருகிறது. வாடகை, அந்தக் கவுண்டியின் குத்தகை மதிப்பையும் மண்ணையும் பொறுத்தது. மொத்த உச்சவரம்பு 2.7 கோடி ஏக்கர். உழாமல் இருப்பது ஒப்பந்தம்தான், சும்மா இருப்பது ஒப்பந்தம் அல்ல. சொன்ன புல்லை விதைக்க வேண்டும், களை ஏறாமல் பார்க்க வேண்டும், இடையில் விலகினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

பணம் உழுபவருக்கா, உரிமையாளருக்கா

அமெரிக்க விவசாய நிலத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் குத்தகையில் ஓடுகிறது. சட்டப்படி பணம் நஷ்டத்தைச் சுமப்பவருக்குப் போக வேண்டும். ரொக்கக் குத்தகை என்றால் முழுத் தொகையும் குத்தகைதாரருக்கு. வாரம் என்றால் விளைச்சலில் உள்ள பங்குப்படி இருவருக்கும்.

காகிதத்தில் சரி. ஆனால் இலவச மின் இணைப்பு உள்ள கிணற்று நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர், அந்த இணைப்பை மறந்துவிட்டா விலை சொல்வார்? பேஸ் ஏக்கர் உள்ள நிலமும் அப்படித்தான். மானியம் வரும் என்று எதிர்பார்த்தே குத்தகை ஏறுகிறது. ஒரு பங்கு உரிமையாளருக்கு நழுவிப் போகிறது என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில்தான் அவர்களுக்குள் வழக்கு.

இதன் உச்சத்தை 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அம்பலப்படுத்தியது. டெக்சஸில் எல் காம்போ பக்கம் பழைய நெல் வயல்களில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் நெல் பேஸுக்கான பணம் வந்துகொண்டிருந்தது. அப்போது நேரடித் தொகை என்று ஒன்று இருந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் வருஷா வருஷம் வரும். 2000 முதல் விவசாயமே செய்யாதவர்களுக்குப் போனது சுமார் 130 கோடி டாலர் என்று அந்த நாளிதழ் கணக்கிட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் நேரடித் தொகையை ஒழித்தது. பேஸ் ஏக்கரை ஒழிக்கவில்லை.

பெரிய பண்ணைக்குப் பெரிய தொகை போவதற்கும் காரணம் இதே ஏக்கர் கணக்குதான். சூது ஒன்றும் தேவையில்லை. 1,000 ஏக்கருக்கு 100 ஏக்கரைப் போலப் பத்து மடங்கு வரும். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. முன்பு 1,25,000 டாலர், 2025இல் 1,55,000 ஆனது. ஆனால் கூட்டாண்மையாகப் பண்ணை நடத்தினால் தகுதியுள்ள ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி வரம்பு. கான்சாஸ் விவசாயியின் ஆடிட்டருக்கு இது அத்துப்படி.

கவுண்டி அளவில் இன்னொரு அதிகாரமும் இருந்தது, அது கசப்பான கதை. ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 3 முதல் 11 பேர் கொண்ட குழு உண்டு. கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. ஆனால் தெற்கு மாநிலங்களில் பல்லாண்டுகளாக அந்தக் குழுக்கள் வெள்ளையர் கையில் இருந்தன. கறுப்பின விவசாயிகள் அரசுக் கடன் கேட்டால் விண்ணப்பம் தாமதமாகும், விதைப்புக் காலம் தாண்டிப் பணம் வரும், அல்லது வராது. வட கரோலினா விவசாயி திமத்தி பிக்ஃபோர்டு பெயரில் நடந்த வழக்கு 1999இல் சமரசமாகி, முடிவில் 100 கோடி டாலருக்கு மேல் வேளாண் துறை இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது.

பட்டியலில் இல்லாத பணம்

சரி, ஆலங்கட்டியில் வயலை இழந்தவருக்கு யார் தருவார்கள்? பயிர்க் காப்பீடு. 1938இல் தொடங்கியது, 1980க்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் வழியாக விரிந்தது. பெரும்பாலான பாலிசிகள் விவசாயியின் சொந்த மகசூலைப் பார்ப்பவை, அதனால் பலர் பி.எல்.சி.யை விட இதைத்தான் நம்புகிறார்கள்.

இதிலும் அரசுப் பணம் இருக்கிறது. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டிவிடுகிறது. காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகச் செலவுக்கும் தனியாகத் தருகிறது. பிரீமிய மானியத்துக்கு 1,55,000 டாலர் மாதிரி வரம்பு எதுவும் கிடையாது. 10,000 ஏக்கர் வைத்திருந்தால் 10,000 ஏக்கருக்கும் உண்டு.

இந்தப் பணம் விவசாயியின் கைக்கு வராமல் நேரே பிரீமியக் கணக்கில் கழிகிறது. யார் பெயரில் எவ்வளவு கழிந்தது என்பதை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. கவுண்டிக்கு மொத்தம் எவ்வளவு என்ற எண் கிடைக்கும், பெயர் கிடைக்காது. பக்கத்துப் பண்ணைக்காரர் பெயருக்கு எதிரே பட்டியலில் 3,128 டாலர் இருக்கலாம். அவருடைய பிரீமியத்தில் அரசு கட்டியது அதைப்போலப் பல மடங்கு இருந்தாலும் அந்த வரியில் தெரியாது.